கப்பல் சங்கு ஊதிய பிறகு விழுந்த கோல்

சேசு மரி சூசை

ஹேடோ, போர்ட் பிளேர்.
1967 பிப்ரவரி, ஞாயிறு சாயங்காலம்.

தூத்துக்குடியில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை அல்போன்சுக்கு, உம்முடைய வருங்கால மச்சான் அடைக்கலசாமி எழுதுவது.

சர்வேசுரன் புண்ணியத்தில் நானும், வீட்டுக்காரி லூசியும், தங்கச்சி ஞானசெல்வியும், இரண்டு கோழிகளும் சுகம். மூன்றாவது கோழி இப்போது அடுப்பில் கொதிக்கிறது, காரணம் கீழே வருகிறது. அங்கே உமக்கும், உம்முடைய அம்மாவின் முட்டுவலிக்கும் மாதா துணை இருக்கட்டும்.

மாப்பிள்ளை, இதை உட்கார்ந்து படியும். நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவீர். ஹேடோ ஜெயித்துவிட்டது! அரையிறுதியில் வண்டூரை ஜெயித்து, இன்றைக்கு இறுதி ஆட்டத்தில் பெரார்கஞ்சையும் ஜெயித்து, தீவுக் கேடயம் இந்த நிமிஷம் நம் வீட்டுக் கட்டிலில் லூசியின் கல்யாணச் சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. ஆகவே உம்முடைய சபதம் தீர்ந்தது. சாக்குப்போக்கு சொல்லாமல் அடுத்த கப்பலில் ஏறி வாரும்.

இதை எழுதும்போது பழசெல்லாம் கண்முன் வருகிறது. நாம் இரண்டு பேரும் கல்யாணமாகாத பயல்களாக இங்கே வந்து இறங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு, மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்த மேட்டை நாமே வெட்டிச் சமப்படுத்தி மைதானம் ஆக்கினோமே, நினைவிருக்கிறதா? ஹாக்கி மட்டை வாங்க வழியில்லாமல் படகு கட்டுகிறவரிடம் சொல்லி படாக் மரத்தில் மட்டை செய்து, அதைத் தூக்கவே இரண்டு கை போதாமல், பந்து வருவதற்குள் மட்டையை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்போமே. கோல் போஸ்ட்டுக்கு மூங்கில், வலைக்கு நம்மோடு ஆடுகிற மீன்பிடிக்காரன் அருள்நாதனின் பழைய மீன்வலை, அதில் எப்போதும் ஒரு காய்ந்த சாளை ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலமானால் வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லாரும் மேட்டில் உட்கார்ந்து ஒரே இந்தியில் நம்மைத் திட்டுவார்கள். "மச்சான், தமிழ்ல திட்டுனா நமக்குக் கோவம் வருது, இந்தியில திட்டுனாத்தான் பந்து நகருது" என்பீர். நீர் சென்டர் ஹாஃப், நான் லெஃப்ட் பேக். அந்த நாளில் என் முழங்காலும் நல்லா இருந்தது, உம்முடைய புத்தியும் நல்லா இருந்தது.

புத்தி எப்போது கெட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தி இதே பெரார்கஞ்சோடு இறுதி ஆட்டம். கடைசி நேரத்தில் நமக்குப் பெனால்டி. நீர் அடித்த பந்து கோல் போஸ்ட்டுக்கு மேலே பறந்து பெரார்கஞ்சுக்காரன் லாரிக்குள்ளே விழுந்தது, அந்த லாரி அப்படியே அவர்களுடைய வெற்றி ஊர்வலத்தில் நம் பந்தோடு போனது. சரி, மனுஷன் அடித்தால் தவறும். அதற்காக, நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், "ஹேடோ ஷீல்டு வாங்குத அன்னைக்குத்தான் இந்த மண்ணுல கால் வைப்பேன், அதுக்கப்புறந்தான் தாலி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுவதா? தங்கச்சி கட்டுச்சோறோடு கப்பல்துறையில் நின்றாள். சோற்றை வாங்கிக்கொண்டு மட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனீரே, ஒரு வார்த்தை பேசினீரா? அவளும் பேசவில்லை. மட்டையைக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள், இன்றுவரைக்கும் வாரந்தவறாமல் தேங்காயெண்ணெய் போடுகிறாள். என் தலைக்குக் கேட்டால் தீர்ந்துபோச்சு என்கிறாள். நடுவில் நல்ல வரன்கள் வந்தன, ஒன்று பெரார்கஞ்சிலிருந்தே வந்தது. "அந்த ஊர்க்காரனுக்கா?" என்று ஒரு சிரிப்போடு முடித்துவிட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவை மெட்ராஸ் கப்பல் வரும்போதும் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வெங்காயம் வாங்கக் கிளம்பிவிடுவாள். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் வெங்காயம் கிடக்கிறது, மாப்பிள்ளை. முளைத்த வெங்காயத்தை எல்லாம் லூசி கொல்லையில் நட்டு, அதுவும் விளைந்து தொலைகிறது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு அண்ணன் எப்படிச் சும்மா இருப்பான்? முழங்கால் போன பிறகு என்னைத் துறைமுகத்துக் கயிறு ஸ்டோரில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், ஆடத்தான் முடியாது, கத்த முடியுமே. மற்றவன் எல்லாம் ஹேடோ ஜெயிக்க வேண்டும் என்று கத்துகிறான். நான் தங்கச்சி கல்யாணத்துக்காகக் கத்துகிறேன், அந்தத் தொண்டையே வேறு. கேடயம் வரும்வரைக்கும் சவரம் பண்ணமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மூன்று வருஷமாகத் தாடி விட்டேன். புதுசா வந்த சாமியார் என்னைப் பார்த்துப் பிச்சைக்காரன் என்று நினைத்து ரொட்டி கொடுத்துவிட்டார், வாங்கிச் சாப்பிட்டேன், நல்ல ரொட்டி.

அரையிறுதியைச் சொல்கிறேன் கேளும். வண்டூரில் உப்பங்கழியோரத்து மைதானம். நாம் ஒரு கோல் முன்னிலை, இந்த நேரம் பார்த்து வண்டூர்க்காரன் ஒருவன் அடித்த அடியில் பந்து கழிக்குள் போய் விழுந்துவிட்டது. தீவில் இருந்த ஒரே தோல்பந்து அதுதான், மற்றது எல்லாம் வரப்போகிற கப்பலில் இருக்கிறது. கழியில் முதலை உண்டு என்று தெரியாதவன் யார்? இரண்டு அணியும் கரையில் நின்று, "நீ போ, நீ போ" என்று ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் நம் அருள்நாதன் பக்கத்துக் குடிசையில் ஒரு வீச்சுவலை இரவல் வாங்கி வந்து கரையில் நின்றபடியே வீசினான். முதல் வீச்சில் மீன். இரண்டாவது வீச்சிலும் மீன். மூன்றாவதில் பந்து வந்தது, அதற்குள் அவனுக்கு மீன்மேல் ஆசை வந்துவிட்டது, "இன்னும் ரெண்டு வீச்சு வீசிக்கிடுதேன் மக்கா" என்கிறான். அவனைத் தரதரவென்று இழுத்துவந்து ஆட்டத்தை முடித்தோம். ஊறிப்போன பந்து உருளவே இல்லை, அதனால் வண்டூர்க்காரனால் திருப்பிக் கோல் போட முடியவில்லை. ஜெயித்தோம். மீனை இரண்டு அணியும் சேர்ந்து சுட்டுத் தின்றோம்.

இன்றைக்கு இறுதி ஆட்டம், நம் மைதானத்தில். ஹேடோவில் கல்யாணம் வைத்தாலும் கருமாதி வைத்தாலும் கப்பல் எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் நாள் வைப்போம், அது உமக்கே தெரியும். சங்கு ஊதிவிட்டால் துறைமுகத்துக்காரன் சோற்றில் வைத்த கையோடு ஓட வேண்டும். அதனால் நம் அணிக் கேப்டன் ராஜமாணிக்கம் விசாரித்துவிட்டுத்தான் வந்தான். "கப்பல் மெட்ராசையே தாண்டலை, இந்த வாரம் நமக்கு ஃபுல் சுட்டி, லீவுதான்" என்றான். நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தங்கச்சி கோவிலுக்குப் போயிருந்தாள். முழங்காலுக்கு ஊன்றிக்கொள்ள உம்முடைய மட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஊன்றுகோலாக்கியதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதேயும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசிக் கட்டம். ராஜமாணிக்கம் பந்தைத் தள்ளிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். எதிரே பெரார்கஞ்சு கோலி மண்டல் மட்டும்தான் நிற்கிறான். ராஜமாணிக்கம் மட்டையை ஓங்குகிறான், நான் மாதாவைக் கூப்பிடுகிறேன், அந்த வினாடியில் துறைமுக வாயிலில் சங்கு! ஓங்கிய மட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு, "கப்பலுடே!" என்று ஓடினான் பாரும், பின்னாலேயே நம் மிச்சப் பத்துப் பேரும். மண்டல் காலில் கட்டியிருந்த பேடைக்கூட அவிழ்க்காமல், "ஜஹாஜ் ஆ கயா! ஆலூ ஆ கயா!" என்று வாத்துபோல ஓடினான், அவனுக்கு உருளைக்கிழங்கைப் பார்த்து மாதக்கணக்காச்சு. பெரார்கஞ்சு லாரிக்காரன் லோடு கிடைக்குமென்று வண்டியை எடுத்தான், மிச்சம் பேர் அதில் தொற்றிக்கொண்டார்கள். ரெஃப்ரி சண்முகம், மளிகைக்கடை சண்முகந்தான், அவனுடைய சரக்கு முழுவதும் கப்பலில். வாயில் விசிலோடு ஓடினான், மூச்சு வாங்க வாங்க விசில் தானாக ஊதிக்கொண்டே போனது. சனம், தலைவர், பரிசு கொடுக்க வந்த பெரிய மனுஷர் எல்லாரும் போயாச்சு. என்னால் ஓட முடியாது. நான் மட்டும் நின்றேன். எனக்கு முன்னால் வட்டத்துக்குள்ளே பந்து கிடந்தது, கோல் காலியாக இருந்தது.

மாப்பிள்ளை, சட்டப்படி யோசித்துப் பாரும். ஆட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் பழைய ஆட்டக்காரன், என் பேரை யாரும் அடித்துவிடவும் இல்லை. நொண்டிக்கொண்டே உள்ளே போய் உம்முடைய மட்டையால் அடித்தேன். முதல் அடி போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. பார்த்தவர் யாரும் இல்லை, அதனால் அது கணக்கில்லை. இரண்டாவது அடி உள்ளே. வலைக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. தூரத்தில் சண்முகத்தின் விசில் நீளமாக ஒரு தடவை கேட்டது. கோலுக்கு விசில்! "கோல்!" என்று கத்தினேன். அத்தனை பெரிய மைதானத்தில் என் சத்தம் மட்டும் போய்த் திரும்பி வந்தது. நாம் வெட்டிச் சமப்படுத்திய மண். நீரும் நானும் இருட்டுகிற வரைக்கும் ஆடிவிட்டு அதில் மல்லாந்து கிடப்போமே, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நீர் பக்கத்தில் இல்லாத குறைதான். பிறகு பார்த்தால் மேசைமேல் கேடயம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஜெயித்த அணியின் சார்பில் அங்கே இருந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் முறைப்படி பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாவிதரும் கப்பல் பார்க்கப் போய்விட்டதால் லூசியே கத்திரியும் பிளேடுமாகத் தாடியை எடுத்தாள். இரண்டு இடத்தில் வெட்டு. "இப்பத்தான் யாரைக் கட்டுனேன்னு தெரியுது" என்றாள். தங்கச்சி வந்து கேடயத்தைப் பார்த்தாள்.

"நெசமாவாண்ணே?"

"ஜெயிச்சாச்சு."

"யாரு கோல் போட்டா?"

"உன் மாப்பிள்ளை மட்டைதான் போட்டுச்சு" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் புளி எடுத்து வந்து, பளபளவென்று இருந்த கேடயத்தை இன்னொரு தரம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "அப்ப எழுதிப் போடும்ணே" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. அதனால்தான் கோழியும் குழம்பானது, இந்தக் கடிதமும் எழுதப்படுகிறது. துறைமுக டாக்டர் பயணிகளைப் பார்த்த பிறகு நாளைக் காலையில்தான் கப்பலில் இருந்து ஆளை இறக்குவார்களாம். தங்கச்சி இப்போதே வெங்காயப் பையை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். திரும்புகிற அதே கப்பலில் இந்தக் கடிதத்தைச் சேர்த்துவிடுவேன், கண்டதும் புறப்படும்.

உம்முடைய அம்மாவுக்கு என் தோத்திரம். கடல் காற்றும் பிரயாணமும் உமக்கு இதமாக அமைய மாதாவை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த அணியின் லெஃப்ட் பேக்,
அடைக்கலசாமி

பி.கு. திங்கட்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். விடிந்ததும் ராஜமாணிக்கம், சண்முகம், மண்டல் மூன்று பேரும் சேர்ந்து வாசலுக்கு வந்து கேடயத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே நிற்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆட வேண்டுமாம். ஆட்டைச் சாட்சிக்கு அழைத்தேன், ஏற்கவில்லை. கேடயமும் போச்சு, தாடியும் போச்சு, கோழியும் போச்சு. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வெங்காயம் வாங்கப் போன தங்கச்சி வெறும் பையோடு திரும்பி வந்தாள், பின்னாலேயே டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நீர் வந்தீர்! என்னிடம் சொல்லாமல், யார் ஜெயித்தது என்று தெரியாமல், சபதத்தைக் கடலில் போட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறீர். மண்டல் கையில் கேடயம் இருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீர். இப்போது என் எதிரிலேயே உட்கார்ந்து நேற்றைய கோழிக்குழம்பைத் தின்கிறீர். கிழிக்க மனசு வரவில்லை, சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு இந்தக் கடிதத்தை வாங்கிப் படியும். இன்னொன்று, தங்கச்சி உம்மோடு இன்னும் பேசுவதாக இல்லை, என்னைத்தான் எழுதச் சொல்கிறாள். சாமியாரிடம் பேசிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிப்பார்கள். சாயங்காலம் ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும், அடுத்த இரண்டு ஞாயிறும் மிச்ச ஓலையை வாசிப்பார்கள். மட்டை ஆணியில் இல்லை, எங்கே என்று தேடாதேயும், அவள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். முதல் ஓலை வாசித்து முடிந்த பிறகுதான் அது உம்முடைய கைக்கு வரும்.