தட்டு மாற்றும்போது ஓடிய மோட்டார்

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளை வீட்டில் இருந்தால், எதையாவது கழற்றாமல் விடமாட்டான். மிக்ஸியோடு நிறுத்திக்கொள்கிறவன் உத்தமன். நான் உத்தமன் இல்லை. 2009 வாக்கில், கோம்பைக்கு வெளியே திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில், சுவிட்சைக் கையால் தட்டுவதே காட்டுமிராண்டித்தனம் என்று முடிவு கட்டினேன்.

மதுரைக்குப் போய் ரிமோட்டில் வேலை செய்யும் மாட்யூல் இரண்டு வாங்கி வந்தேன். (தீப்பெட்டி அளவுதான். வயருக்கு நடுவில் மாட்டி, ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் விளக்கு எரியும்; மறு அமுக்கில் அணையும்.) ஒன்றில் கூடத்து விளக்குகள் அத்தனையையும் கோத்தேன். அத்தோடு விட்டேனா? சுவிட்ச் போர்டைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசியும் விட்டேன்.

"இனி எங்கனடா தட்டுறது?" என்று அம்மா கேட்டார்.

"தட்டவே வேணாம்மா. அதுதான் டெக்னாலஜி" என்றேன். அப்படியொரு மேதை.

அப்பா விளக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மோட்டாருக்கு இது ஆகுமா?" என்று மட்டும் கேட்டார். தோட்டத்து மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் (வீட்டு விளக்குக்கு வருவது வேறு) எப்போது வரும், எப்போது போகும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாத காலம் அது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் உறுமினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா சோற்றுக் கையோடு ஓடுவார். ஆகவே இரண்டாவது மாட்யூலை மோட்டார் ஸ்டார்ட்டரில் மாட்டி, அதன் ரிமோட்டை அவர் சட்டைப்பையில் போட்டேன். இரண்டுக்கும் வேறு வேறு ரகசிய எண் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே அமுக்குக்கு இரண்டும் ஆடும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடைக்காரர் சொல்லி இன்ஜினியர் கேட்பதாவது! பகலில் சோதித்தேன், மோட்டார் ஓடியது. கூடத்து விளக்கும் கூடவே எரிந்ததை அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். நான் கூடத்து விளக்கைப் போட்டபோது த்ரீ பேஸ் கரண்ட் இல்லை; மோட்டார் மாட்யூல் அந்த அமுக்கை வாங்காமல் விட்டது எனக்குத் தெரியாது. ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடாமல் போய், அம்மா விரதமெல்லாம் இருந்து அமைந்த மார்க்கையன்கோட்டை மாப்பிள்ளை. குத்துவிளக்கு ஏற்றி, அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் தாம்பூலத் தட்டை மாற்ற எழுந்து நின்றார்கள். அப்போது பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் உறுமியது. அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

எங்கள் மோட்டார் ஓடியது, கூடம் இருண்டது. நான் பதறி என் ரிமோட்டை அமுக்கினேன், விளக்கு வந்தது. மோட்டார் நின்றது. சத்தம் நின்றதைக் கேட்ட அப்பா மறுபடி அமுக்கினார். நான் அமுக்கினேன். அவர் அமுக்கினார். தகப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு சண்டையே போட்டோம். தட்டைத் தூக்கினால் இருட்டு, வைத்தால் வெளிச்சம்.

மாப்பிள்ளையின் அத்தை வாய் திறந்தார். (கேசரியை முடித்துவிட்டுச் சகுனம் பார்க்க எந்த விசேஷத்திலும் ஒருவர் வருவார்.) "தட்டு மாத்தயில விளக்கு நின்னா ஆகாது. இன்னொரு நாள் பாத்துக்கிருவோம்."

இன்னொரு நாள் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதும் என் கட்டைவிரல் அமுக்குவதை நிறுத்தவில்லை.

அறைக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தாள். நிச்சயப் பெண் கூப்பிடாமல் சபைக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

"ஏலே, லைட்டு போனா மோட்டார் ஓடுது, மோட்டார் நின்னா லைட்டு எரியுது. இதுகூடத் தெரியல, உனக்கு யாருடா பட்டம் குடுத்தாக? அந்த ரிமோட்டைக் கீழ வையி. அப்பா, நீங்களும்தான்."

மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டார். அவருடைய அப்பா எங்கள் அப்பாவைப் பார்த்து, "த்ரீ பேஸ் வந்துருச்சா சம்பந்தி?" என்றார். அவரும் திராட்சை போட்டவர்.

"வந்துருச்சு. எப்பப் போகுமோ" என்றார் அப்பா. மகளின் நிச்சயத்தில் ஒரு மனிதர் பேசுகிற பேச்சா இது!

"அப்ப மோட்டார் ஓடட்டும். குத்துவிளக்கு எங்கன அணைஞ்சுச்சு? அது நின்னு எரியுதுல்ல. அந்த வெளிச்சத்துல மாத்துவோம்."

மாற்றினார்கள். வீடியோவில் குத்துவிளக்கின் ஐந்து திரியும் மாப்பிள்ளையின் பல்லும் மட்டும்தான் விழுந்திருக்கின்றன. பின்னணியில் நாதஸ்வரத்தை மீறி மோட்டார் சத்தம்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் கரண்ட் போனாலும் யாரும் ஜெனரேட்டரைத் தேடுவதில்லை. என் பக்கம்தான் திரும்புகிறார்கள். நாலு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலி கட்டக் குனிந்தேன், மண்டபத்தில் கரண்ட் போனது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத மணப்பெண், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"இப்ப எந்தத் தோட்டத்துல தண்ணி பாயுது?"