கல்லை மாற்றச் சொன்னால்

தோப்பும்படி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மோளிச் சேச்சிக்கு,

ஈசோவுக்கு ஸ்துதி. சேட்டனுக்கு முட்டிவலி தேவலையா? ரப்பர் மரங்களுக்கு மழை மறைக்கும் பிளாஸ்டிக் கட்டியாயிற்றா? இங்கே கர்த்தர் கிருபையால் நான் சுகம். மீன்களுக்குத்தான் சுகமில்லை.

காலையில் எழுந்ததும் ஜெபம்கூடச் சொல்லாமல் நான் முதலில் செய்தது, உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டதுதான். உங்கள் தம்பி வருகிற சனிக்கிழமை கப்பல் வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு வருகிறார் அல்லவா, தான் வருவதற்குள் பழகிவிடட்டும் என்று மீன்கடை நௌஷாதிடம் போனிலேயே சொல்லி ஒரு மஞ்சள் மீனை அனுப்பினார். உள்ளங்கை அகலம் இருக்கும். ஏழு வருஷமாகத் தொட்டியில் இருக்கும் கேப்டனோ என் கட்டைவிரல் அளவு நீல மீன். அவன் அவளை ஓட ஓட விரட்டி வாலைக் கிழித்துவிட்டான். மூன்று நாளாக அவள் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்து பட்டினி கிடக்கிறாள். தன் நிழலோடு சண்டை போட்டுக் களைக்கட்டும் என்று கண்ணாடி வைத்தேன். ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனான்.

"லிஸீ, நான் சகுனம் பாக்கறவன் இல்ல. இருந்தாலும் நான் வரதுக்குள்ள அது சாகாமப் பாத்துக்கோ" என்றார் உங்கள் தம்பி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கல்லையெல்லாம் மாற்றி வைத்தால் பழைய மீனுக்குத் தன் இடம் எது என்று தெரியாமல் போகும், சண்டை போடாது என்று நௌஷாத் சொல்லியிருந்தான். காலையில் இருபத்தோரு கல்லையும் எடுத்தேன், அலசினேன், அடுக்கினேன். அவன் வந்து பார்த்தான்.

"என்ன டீச்சரே, மாத்தினேன்னீங்க? போன மாசம் பாத்த அதே வீடுதானே இது!"

"எல்லாத்தையும் வெளியே எடுத்தேன் நௌஷாத்."

"எடுத்தீங்க. அப்புறம் அங்கங்கயே வச்சிட்டீங்க. கேப்டனுக்கு வீடு பெருக்கிக் குடுத்திருக்கீங்க!"

உண்மைதான் சேச்சி. வளைந்த கல்கூட ஜன்னலைப் பார்த்தே இருந்தது. கை தானாக வைத்திருக்கிறது. எனக்குப் போன லீவு ஞாபகம் வந்தது. அவர் தேயிலை டப்பாவை அடுப்புக்கு இடப்பக்கம் வைத்தார், அவர் திரும்புவதற்குள் நான் வலப்பக்கம் வைத்தேன். "சரிங்க மேடம்" என்று சிரித்தார். அப்புறம் லீவு முடியும்வரை சமையலறைப் பக்கமே வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இந்த வீட்டில் சேர்ந்தாற்போல் அறுபது நாள் இருந்ததில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள்: வருகிற வழியில் முதலில் உங்கள் வீட்டில்தானே இறங்குவார், ரப்பர் கணக்கு, கிணறு, ஏதாவது சொல்லி ஒரு மாதம் அவரை உங்களிடமே நிறுத்திக்கொள்ளுங்கள். புது மீனைக்கூடக் கொஞ்ச நாள் தனித்தொட்டியில் வைத்துத்தானே விடுகிறார்கள்!

சேட்டனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் எல்லாரையும் காக்கட்டும்.

அன்புடன்,
லிஸி

பி.கு: சாயங்காலம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அவரை நேராக இங்கேயே அனுப்புங்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டு நௌஷாத் கற்களை வைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கேப்டன் திருவிழாவில் தொலைந்தவன்போல் சுற்றுகிறான், மஞ்சள்காரி இறால் தின்றாள். சனிக்கிழமை காலை நான் சமையலறை டப்பா எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். எது எங்கே என்று அவரே வைக்கட்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், மாடியிலிருந்து நான் இறங்கி வராமல் இருக்கிறேனா என்று முதலில் பார்க்க வேண்டும்.