கோயில்ல ஓலை வாசிக்கேக்க நான் எழும்பின கதை

ஆரையும் நம்பாத குணம் எனக்கு அப்பா கடலில போனாப் பிறகுதான் வந்தது. "காத்து நல்லாயிருக்கு, வெள்ளன வந்திடுவன்" எண்டு சொல்லிப்போட்டுப் போன மனிசனே வரேல்லை. பிறகு ஆற்ற சொல்லை நம்புறது?

அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. தம்பி பிறந்தோடன அவனைப் பாக்க எண்டு எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். தம்பிக்கு ஐஞ்சு, தங்கச்சிக்கு மூண்டு. அம்மா நாப்பத்திரண்டு வயசில, சட்டப் புத்தகத்தில தங்கச்சி கிறுக்கக் கிறுக்கப் படிச்சு, லோயரா வந்தா. வாசல் படலையில அம்மாட பேர்ப் பலகை அடிச்சம். ரெண்டு மாசமா ஒரு கேசும் இல்லை. (கழுதை ஒண்டு மட்டும் வந்து பலகையில முதுகு தேய்ச்சிட்டுப் போகும்.)

பிறகு வந்தார் தலைமன்னார் சவிரியண்ணை. கலியாணம் கட்டாதவர். நேரா அப்பாட கதிரையில இருந்தார். அம்மா கதவைச் சாத்தினா.

"ஏனம்மா வாறவர்?"

"அது உனக்குச் சொல்லேலாது பிள்ளை."

அடுத்த கிழமை பாரை மீனோட வந்தார். போட்டுவந்த சேட்டு, ஸ்திரிக்கைப் பெட்டியால மினுக்கியிருந்தது. (கேசுக்கு வாறவன் சேட்டு மினுக்குவானோ?) உள்ளுக்க அம்மா சிரிச்சுக் கேட்டது. அப்பாட ஆண்டுப் பூசையே இன்னும் வரேல்லை! அம்மாவும் போனால் சின்னதுகளோட நான் எங்க போறது?

ஞாயிறு பூசையில சாமியார் கலியாண ஓலை வாசிச்சார், ஆருக்கும் ஆருக்கும் கலியாணம் எண்டு. தடை தெரிஞ்சவை வந்து சொல்லவேணும் எண்டது வழமை. "தலைமன்னாரைச் சேர்ந்த சவிரி..." எண்டதுதான், பொம்பிளையின்ர பேர் வரமுன்னமே எழும்பிட்டன்.

"தடை இருக்கு சாமி! இவர் எங்கட வீட்டை வந்து வந்து போறார், அம்மா ஓமெண்டாலும் நான் விடமாட்டன்!"

சாமியார் கண்ணாடியைக் கழட்டினார். "பிள்ளை, பொம்பிளை றீற்றா. உனக்குப் பின்னாலதான் இருக்கிறா."

சவிரியண்ணையின்ர தாயும் அண்டைக்கு வந்திருந்தா. "லோயரம்மா வீட்டை ஏனடா போனனீ?"

கோயில் முழுக்க அம்மாவைப் பாத்தது. ஒரு சொல்லுச் சொன்னால் அம்மாட மானம் தப்பும். அம்மா வாயே திறக்கேல்லை.

சவிரியண்ணை தாயைப் பாத்து எழும்பினார். "றீற்றா வீட்டில சீதனம் தர வழியில்லையம்மா. உங்களுக்குத் தெரியாமல் ஒரு காணி வாங்கி, லோயரம்மாவைக் கொண்டு அவளின்ர பேரில எழுதினனான். அவள் கொண்டுவந்தது எண்டு காட்ட..."

"அடப் பாவி! அந்தக் காணியையோடா நான் சீதனமெண்டு ஊரெல்லாம் பெருமையாப் புளுகினனான்?"

கோயிலே சிரிச்சது. சாமியார் பீடத்தைப் பாத்துத் திரும்பி நிண்டார், தோள் மட்டும் குலுங்கினது. நான் தங்கச்சியைத் தூக்கி முகத்துக்கு முன்னால பிடிச்சன்.

வீட்டை வந்து அம்மா, "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" எண்டா.

"கேட்டனான்தானே! சொல்லேலாது எண்டனீங்கள்."

அம்மா நேரா அடுப்படிக்குப் போனா. லோயருக்கு எதிரா நான் வெண்ட ஒரே கேஸ் அது.

கலியாணம் நடந்தது. (எனக்கு மட்டும் மாப்பிளையின்ர தாய் பலகாரம் தரேல்லை.) கோயில்ல கூட வாய் திறக்காத லோயர் எண்டு அம்மாட பேர் பரவி, இப்ப முருங்கனில இருந்தும் ஆக்கள் வருகினம். வாறவை உடன உள்ளுக்க வரமாட்டினம். படலையில நிண்டு முதல் கேக்கிறது இதுதான்:

"லோயரம்மா, மூத்தவள் வீட்டில நிக்கிறாளோ?"