குளியலறைத் தாழ்ப்பாளை நானே மாட்டிய விவரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் கணவன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் குளியலறைக் கதவும் நலம். அங்கு நீயும் உன் உளி, சுத்தியல், இழைப்புளி வகையறாக்களும் நலமாக இருக்கக் கோருகிறேன்.

தாழ்ப்பாள் மாட்டுவது என்ன கம்பசூத்திரமா, நானே மாட்டுகிறேன் என்று போன வாரம் நான் சொன்னபோது நீ மீசைக்குள் சிரித்தாய். உன் அக்காவோ, "முடியலேன்னா, என்னால ஆகலை, நீதான் வரணும்னு என் தம்பிக்கு உங்க கைப்பட எழுதித் தரணும்" என்று நிபந்தனை போட்டாள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று சொல்லிச் சொல்லியே முட்டை மார்க் போட்டவன் நான். ஒரு தச்சனிடம் தோற்பேனா?

முதல் நாள் குறையே இல்லாமல் மாட்டினேன், என்ன, கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டிவிட்டேன், அதிலிருந்து மாட்டுகிற ஆள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு மறுநாள் உள்ளே நின்று மாட்டினால் நிலையில் போட்ட துளை இரண்டு விரல்கடை மேலே போய்விட்டது, இன்னொன்று போட்டேன், அது கீழே போய்விட்டது, விடுவேனா, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவில் ஒன்று போட்டேன் பாரு, கச்சிதம், உன் அக்கா எட்டிப் பார்த்து இது நிலையா புல்லாங்குழலா என்று கேட்டாள், அதுகூடப் பரவாயில்லை, திருகாணி நீளம்னு தெரியாம முடுக்கினதுல முனையெல்லாம் அந்தப் பக்கம் வந்துடுச்சு, துண்டு மாட்ட ஆணி கேட்டியே, இந்தா நாலுன்னு உன் அக்காகிட்ட சொன்னேன், ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று காலை குட்டைத் திருகாணி போட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். டக்கென்று விழுந்தது. கண் கலங்கிவிட்டது மச்சான். நான் பெயிலாக்கின பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டணும்போல இருந்தது. ஆகவே உன் தயவு தேவைப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற அத்தான்

பி.கு.: தாழ்ப்பாள் விழுந்தது விழுந்ததுதான், மறுபடி நகர மாட்டேன் என்கிறது. பிடி கையோடு வந்துவிட்டது. காலையிலிருந்து உள்ளேதான் இருக்கிறேன். கதவுக்கு அடியில் தாளும் பேனாவும் தள்ளியவள் உன் அக்கா. மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "எழுத வேண்டியதை மட்டும் காணோமே" என்று கடிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டாள். சரி, எழுதுகிறேன். என்னால ஆகலை. நீதான் வரணும்.