டாபின் துப்பாக்கியின் மானம் காத்த வரலாறு

மனித குலம் இதுவரை கொடுத்த வாக்குறுதிகளில் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது திருமணத்தில் கொடுக்கப்பட்டதல்ல. தேர்தலில் கொடுக்கப்பட்டதும் அல்ல. ஒஹையோ மாநிலம் பெண்டர்ஸ்பர்க்கில் டாபின் கைத்துப்பாக்கித் தொழிற்சாலை, ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்குள்ளும் ஒரு மஞ்சள் சீட்டில் அச்சிட்டு வைக்கும் வாக்குறுதி அது: 'வாழ்நாள் உத்தரவாதம். கேள்வியே கேட்காமல், இலவசமாகச் சரிசெய்து தருவோம்.'

யாருடைய வாழ்நாள் என்று ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை கேட்டார். கேள்வி கேட்க மாட்டோம் என்றுதான் சொல்லியிருந்தோமே தவிர, பதில் சொல்வோம் என்று எங்கும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த உத்தரவாதப் பிரிவுக்கு நான்தான் தலைவன். எனக்குக் கீழே ஒரே ஓர் ஊழியர்: பார்சல் பிரித்து, பார்சல் கட்டும் ஜோனெல். இருந்தாலும் தலைவன் தலைவன்தான்.

எங்கள் துப்பாக்கிக்கு வெளியுலகில் இருக்கும் பெயரைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. 'செங்கல்' என்கிறார்கள். கடைக்காரர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில், தூண்டில் புழு டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். சுடும் மைதானத்தில் ஒருவர் டாபினை எடுத்தால், பெரிய பிராண்டுக்காரர்கள் மூன்று தடம் தள்ளிப் போய் நிற்கிறார்கள். "தூக்கி எறிஞ்சா நல்லா வேலை செய்யும்" என்று என் சொந்த மைத்துனனே, என் வீட்டு வான்கோழியை வெட்டிக்கொண்டே சொன்னான்.

இந்தக் கெட்ட பெயர் நியாயமா? கனம் உண்மை. அழகில்லை என்பதும் உண்மை. ஆனால் டென்னஸியில் ஓர் இளைஞன் அதை அப்ப மாவில் முக்கி, குதிரைச் சாணத்தில் புதைத்து, மேலே டிராக்டரை ஏற்றி, பிறகு எடுத்துச் சுட்டான். எட்டுத் தோட்டாவும் வெடித்தன. இருபது லட்சம் பேர் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். விலை குறைந்த பொருள் ஒழுங்காக வேலை செய்தால், விலை கூடியதை வாங்கியவனுக்கு வேறு என்ன வழி?

இந்த அநீதியைத் துடைக்கவே எங்கள் முதலாளி கர்ட் டாபின் 'மதிப்பு மீட்புக் குழு'வை அமைத்தார். வியாழன்தோறும் காலை ஒன்பது மணிக்கு, ஒரு டஜன் டோநட்டுகளின் முன்னிலையில் குழு கூடும். முதலாளி, தரக்கட்டுப்பாட்டு அதிகாரி லோவெல், நான். ஜோனெல் காபி கொண்டு வரும் பொறுப்பில் 'சிறப்பு அழைப்பாளர்'. லோவெலின் கணக்குப்படி இருநூறு தோட்டாவில் ஒன்று வெடிக்காமல் போகிறது. அதைப் பூஜ்யமாக்குவதே குழுவின் இலட்சியம்.

இந்நிலையில்தான் அக்டோபர் நான்காம் தேதி மார்வா கிட்டில் என்ற பெண்மணியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு டாபின் ஒன்பது எம்.எம். கூடவே ஒரு கடிதம். அதைக் குழுவின் முன் நானே வாசித்தேன்.

'ஐயா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் என் கணவர் ரஸ்ஸல் உங்கள் துப்பாக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினார். க்ளிக் என்றது. மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் க்ளிக். நான் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன். வந்த போலீஸ்காரர், வெடிக்காத துப்பாக்கியைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டார். விளையாட்டுக்குச் செய்தேன் என்றார் ரஸ்ஸல். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் கால்பந்து பேசினார்கள். என் கணவர் லாரி ஓட்டப் போயிருக்கிறார். பத்தொன்பதாம் தேதி திரும்புவார். இவ்வளவு மோசமான துப்பாக்கியைச் செய்ததற்கு மனமார்ந்த நன்றி. தயவுசெய்து இதைச் சரிசெய்ய வேண்டாம். திருப்பி அனுப்பவும் வேண்டாம்.'

டோநட்டை நோக்கிப் போன லோவெலின் கை பாதியில் நின்றது.

"மூணு தடவையா?" என்றார் டாபின், அடிபட்ட குரலில்.

"மூணுன்னுதான் எழுதியிருக்காங்க, பாஸ்."

"மூணுல ஒண்ணாச்சும் வெடிச்சிருக்கக் கூடாதா?"

"வெடிச்சிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது, பாஸ்" என்றாள் ஜோனெல்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். வெடிச்சிருந்தா நமக்குப் புகாரே கிடையாது."

"இது புகார் இல்ல பாஸ். நன்றி சொல்றாங்க."

"நன்றியா? உன் சமையலை நாய்கூடத் தின்னல, அதனால நாய் பிழைச்சுதுன்னு ஒருத்தன் எழுதினா, அதை ஃப்ரேம் போட்டு மாட்டுவியா?"

எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள் உண்டு: 'வெடித்தது', 'வெடிக்கவில்லை'. நன்றி என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே விதிப்படி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். குறியிட்டதும், கணினி தன் கடமையைச் செய்தது. மஞ்சள் சீட்டில் பதிவு செய்திருந்த உரிமையாளரின் தொலைபேசிக்கு, 'உங்கள் அன்பான டாபின் பத்திரமான கைகளில் இருக்கிறது!' என்று தானாகவே ஒரு செய்தி அனுப்பியது. உரிமையாளர் ரஸ்ஸல் கிட்டில் அப்போது நெப்ராஸ்காவில் டீசல் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: 'என் மனைவி அனுப்பினாளா? நல்லவள். 19க்குள் வேண்டும்.'

உடனே வக்கீலைத் தொலைபேசியில் பிடித்தோம்.

"பொருள் யாரோடது?" என்றார் வக்கீல்.

"ரஸ்ஸலோடது."

"அப்ப அதை உருக்கினா நாம திருடங்க. சரி பண்ணிக் கொடுத்தா நாணயஸ்தங்க."

"மார்வா?" என்று ஜோனெல் ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்து கத்தினாள். "அந்தப் பொம்பளைக்கு உரிமை எதுவும் இல்லையா சார்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பாரும்மா, இதுல அவங்க உரிமையாளர் இல்ல. வாடிக்கையாளரும் இல்ல. சட்டப்படி பார்த்தா அவங்க வெறும் இலக்கு."

மறுநாள் மார்வாவே அழைத்தார். கண்ணியம் குறையாமல் பேசினேன்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம், மேடம்."

"எனக்கு என்ன சிரமம்? சிரமப்பட்டது அவருதான். பார்சல் வந்துதுல்ல? உருக்கிடுங்க. இல்லேன்னா கதவுக்கு முட்டு குடுத்துக்கோங்க, நல்ல கனம்."

"சரி பண்ணித் தருவோம், மேடம்."

"நான் எழுதினதைப் படிச்சீங்களா, சார்?"

"மூணு பேர் முன்னால படிச்சோம். படிவத்துலயும் ஏத்தியாச்சு."

ஜோனெல் என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி ஒலிபெருக்கியை அழுத்தினாள். "கண்ணு, நான் ஜோனெல். நீ எங்கயாச்சும் போயிடேன்."

"எங்க போறது? இது எங்க அம்மா வீடு. ஸ்கூல் சமையல்கட்டுல வேலை. ரெண்டு நாய் வேற. தங்கச்சி அபார்ட்மென்ட்ல நாய் ஆகாது. நான் எதுக்குப் போகணும்? அவரைப் போகச் சொல்லு, போறாரான்னு பாப்போம்."

"அவன் வேற துப்பாக்கி வாங்கிட்டா?"

"வாங்க மாட்டாரு. சரியான கஞ்சன். அதனாலதானே உங்களுதை வாங்கினாரு?" அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "சார், ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. 'இதைச் சரிசெய்ய முடியாது'ன்னு. அவரு நம்பிடுவாரு. உங்க துப்பாக்கின்னா யாரா இருந்தாலும் நம்புவாங்க."

என் வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனை அதுதான். ஒரே ஒரு வரி. மையும் என்னிடம் இருந்தது. முத்திரையும் என் மேசையில்தான் இருந்தது. ஆனால் நாற்பத்தோரு ஆண்டுகளில் டாபின் நிறுவனம் அந்த வரியை ஒருமுறைகூட எழுதியதில்லை. ஒருமுறை எழுதிவிட்டால், மறுநாள் காலையில் அது ஊரெல்லாம் பரவும். இருபது லட்சம் பேர் மறுபடி சிரிப்பார்கள்.

"மன்னிக்கணும் மேடம்" என்றேன். "நாங்க பொய் சொல்றதில்லை."

லோவெல் அந்தத் துப்பாக்கியைத் தன் பிள்ளையைப் போலக் கவனித்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசியை மாற்றினார். முந்நூறு தோட்டாக்கள் சுட்டுப் பார்த்தார், முந்நூறும் வெடித்தன. அவர் கண்கள் கலங்கின. ஒரு தொப்பி, தோட்டா அடைக்கும் ஒரு கூடுதல் மேகஸின், டாபினே கையொப்பமிட்ட ஒரு மன்னிப்பு அட்டை எல்லாம் சேர்த்து ஜோனெல் கட்டினாள். பதினெட்டாம் தேதியே பார்சல் போய்ச் சேர்ந்தது. வாக்குறுதிக்கு ஒரு நாள் முன்னதாக!

இருபத்தொன்றாம் தேதி காலை, ரஸ்ஸல் கிட்டிலிடமிருந்து இணையத்தில் ஒரு புகார்ப் படிவம் வந்தது.

பழுது ஏற்பட்ட இடம்: சமையலறை. தூரம்: ஆறடி. எத்தனை முறை அழுத்தினீர்கள்: ஐந்து. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா: 'இந்தத் தடவை அவள் ஓடக்கூட இல்லை. உட்கார்ந்து சிரித்தாள். உங்கள் கம்பெனியால் எனக்கு அவமானம்.'

டாபின் நிறுவனத்தின் வரலாற்றில் அதைவிடக் கறுப்பான காலைப் பொழுது கிடையாது. முந்நூறும் வெடித்த துப்பாக்கி, வாடிக்கையாளர் கையில் ஐந்து முறை வெடிக்கவில்லை! லோவெல் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டார். ரஸ்ஸலிடம் துப்பாக்கியைத் திரும்ப வரவழைத்துப் பிரித்துப் பார்த்தோம். ஊசியின் முனை மொட்டையாக இருந்தது. யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.

சோதனை அறைக்கும் தபால் வண்டிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒருத்திதான்.

விசாரணைக் குழு கூடியது. அன்று ஜோனெல் காபி கொண்டு வரவில்லை.

"நான்தான் தேய்ச்சேன்" என்றாள், கேட்பதற்கு முன்பே. "ஷெரிஃப் ஆபீசுக்கு போன் பண்ணேன். வெடிச்சுதான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். வெடிச்சா கூப்பிடுங்கன்னாங்க. அப்புறம் மார்வாவுக்கு போன் பண்ணேன். 'பயப்படாத கண்ணு, அது இனிமே வெடிக்காது, நான் பாத்துக்கிட்டேன்'னு சொன்னேன்."

"வாடிக்கையாளருக்குப் பழுதான பொருளை அனுப்பினியா?" என்றார் டாபின். "எங்க தாத்தா பேரு போட்ட பொருளை?"

"உங்க தாத்தா பேருக்கு என்ன ஆச்சு, பாஸ்? அவ உயிரோட இருக்கா."

"முப்பத்தொரு வருஷம் கம்பெனி சம்பளம் வாங்கியிருக்க, ஜோனெல்!"

"அதுல ஒரு நாளாச்சும் வேலை செஞ்சிருக்கேன்ல?"

அவளை அன்றே நீக்கினோம். போகும்போது என் மேசைக்கு வந்தாள். மொட்டை ஊசியுடன் துப்பாக்கி என் மேசை மேல் கிடந்தது.

"அது இங்கயே இருக்கட்டும், மெர்ல்" என்றாள். "சாட்சிப் பொருள்னு சொல்லி இழுப்பறையில போட்டுப் பூட்டிடு. அதையாச்சும் செய்."

செய்தேன். இன்றும் அது என் இழுப்பறையில்தான் இருக்கிறது. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

அவள் கார் வாசலைத் தாண்டிய பிறகுதான் குழு அடுத்த தீர்மானத்தை எடுத்துக்கொண்டது: பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கு, புதிதான, அதே மாதிரி, அதே நிறத்தில் ஒரு டாபின், ஒரே நாளில் சேரும் தபாலில், நஷ்ட ஈடாக. ஏகமனதாக நிறைவேறியது. லோவெல் இம்முறை ஐந்நூறு தோட்டாக்கள் சுட்டார். பார்சலை நானே கட்டினேன். பார்ப்பதற்குப் பழையதற்கும் புதியதற்கும் ஓர் இம்மி வித்தியாசம் கிடையாது. எங்கள் தயாரிப்பின் சீரான தரத்துக்கு அதுவும் ஒரு சான்று.

நவம்பர் முதல் வாரத்தில், அந்த மாவட்டத்துப் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. சமையலறை. ஒரே ஒரு தோட்டா. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியம் சொல்லியிருந்தார்: சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, மார்வா சிரிக்கும் சத்தம்தான் கேட்டது, அப்புறம் ஒரு வெடிச் சத்தம். ரஸ்ஸல் கிட்டிலைக் கைது செய்ய இந்த முறை போலீசுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. வெடித்திருந்தது அல்லவா?

துப்பாக்கியின் பெயரைப் பத்திரிகை போடவில்லை. டாபின் அதற்காக மிகவும் வருத்தப்பட்டார். லோவெல் செய்தியை வெட்டிச் சோதனை அறையில் ஒட்டினார். படிவத்தில் முதல் கட்டத்தில் குறியிட்டுக் கோப்பை மூடினேன். நோக்கம் நிறைவேறியதால் மதிப்பு மீட்புக் குழு அந்த வியாழனே கலைக்கப்பட்டது. கடைசி டோநட்டை யார் எடுப்பது என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டோம்.

இன்னமும் சிலர் எங்கள் துப்பாக்கியை மட்டமானது என்கிறார்கள். சொல்லட்டும். அவர்களெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்பவர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்பவர்கள் அல்ல. டாபினின் கெட்ட பெயரை உண்மையாகவே நம்பி, அதன் மேல் தன் உயிரை வைத்து, நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் நம்பியது தவறு என்று நாங்கள் நிரூபித்துவிட்டோம்.