ஓகே அமுக்காத கண்டிஷன் பாய்

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் உள்ள மொத்த ஜனத்தொகையில், கம்ப்யூட்டர் திரையில் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் வந்தால், அதற்கு மேலே இருக்கிற அத்தனை வரிகளையும் படித்த ஒரே மனிதர் கண்டிஷன் பாய்தான். அதை எழுதியவர்களே முழுதாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். பாய் படித்தார். படித்தது போதாதென்று பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதி வைத்தார்.

2006, 2007 வாக்கில், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருந்தது எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. கடைகளுக்கு பில் போடும் ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்போம். மொத்தம் ஏழே பேர், அதிலும் ஒருவர் எம்.டி. டேட்டாபேஸ் விஷயம் முழுக்க பாய் பொறுப்பு. வயது நாற்பதுக்கு மேல், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எனக்கு இருபத்தாறு வயது. கடை கடையாகப் போய் ப்ரோக்ராமை ஏற்றிவிட்டு வருவது என் வேலை.

பாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி இலவசம். கீழே பேக்கரியில் புது கேக் போட்டு ஆளுக்கொரு துண்டு ருசி பார்க்கக் கொடுத்தார்கள். நாங்கள் முகத்தை மாற்றிக்கொண்டு இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றோம். பாய் மட்டும் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நேத்து விக்காததா, முந்தாநேத்து விக்காததா?” என்றார். அதன் பிறகு பாய் படியிறங்கும் சத்தம் கேட்டாலே பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். புது வருஷத்துக்கு நகைக்கடை காலண்டர் வந்தால் அதற்கும் மறுப்புதான். “பன்னெண்டு மாசம் என் வூட்டுச் செவுத்துல அவன் பேரு தொங்கும். செவுரு என்னுது, ஆணி என்னுது. அவனுக்கு இன்னாத்துக்கு இந்தக் கரிசனம்?”

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தினமும் எங்களுக்குள் ஒரு சடங்கு நடக்கும்.

“பாய், நான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம்தான் போறேன். வண்டில ஏறுங்க.”

“எதுக்கு?”

“சும்மாதான் பாய்.”

“சும்மாவா?” என்று என் வண்டியை முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு நோட்டம் விடுவார். “நீ போப்பா. நான் நடந்துக்கினே வர்றேன்.” டிபன் பையை ஆட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாக, பஸ்களும் ஆட்டோக்களும் முட்டி மோதும் அந்த ரோட்டில் நடந்து போவார். அவர் ஏற மாட்டார் என்று தெரிந்தும் நான் கேட்பேன். கேட்காமல் கிளம்பினால் ஏதோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த சிடி வந்து சேர்ந்தது. பெரிய பெரிய நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்குகிற டேட்டாபேஸ் சர்வரை, ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ‘டெவலப்பர் எடிஷன்’ என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் எம்.டி. ஏதோ கருத்தரங்குக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார்.

“பாய், ஃபுல் வெர்ஷன்! ஒரு வசதியைக்கூட வெட்டலை. ஃப்ரீ!”

பாய் சிடியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஒண்ணுகூட வெட்டலையா? அப்போ விஷயம் பெருசு சார்.”

மூன்று நாள் உட்கார்ந்து நிபந்தனைகளைப் படித்தார். நான்காம் நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி விளக்கினார். “இதுல ப்ரோக்ராம் எழுதலாம், டெஸ்ட் பண்ணலாம். கடையில கொண்டு போய் வெச்சு நெஜமா ஒரு பில்லுகூட போடக்கூடாது. அதுக்கு லைசென்ஸ் தனியா வாங்கணும். பொண்ணு பாக்கப் போனவன் பஜ்ஜி சாப்புடலாம். அன்னிக்கே குடித்தனம் பண்ண முடியுமா?” பிறகு தாளைப் புரட்டி, “இதுல எழுதுற ப்ரோக்ராம் நமக்குச் சொந்தமா, அவனுக்குச் சொந்தமா? இதையெல்லாம் அவனையே கேக்கணும்” என்று முணுமுணுத்தார். நாங்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அடுத்த மாதமே நான் கடையில் குடித்தனம் பண்ணினேன்.

கீழ்க்கட்டளையில் ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடை. புதுக் கட்டடம் திறப்பு விழா, வெள்ளிக்கிழமை. வாங்க வேண்டிய லைசென்ஸுக்கு ஆர்டர் போட்டிருந்தது, ஆனால் வந்து சேரவில்லை. கடைக்காரர் சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டருக்கு மாலை போட்டு, கையில் சூடத் தட்டோடு நிற்கிறார். “பத்தரைக்குள்ள மொத பில்லு போட்டாகணும் தம்பி. அப்புறம் ராகு காலம்.” எம்.டி.க்கு போன் போட்டேன். “அட்ஜஸ்ட் பண்ணுப்பா” என்று வைத்துவிட்டார்.

ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பாய் மேஜை டிராயரிலிருந்து அந்த சிடியை முந்தின நாளே எடுத்து வந்திருந்தேன். ஏற்றினேன். நிபந்தனைகள் வந்தன. ஓகே, ஓகே, ஓகே. பத்து இருபதுக்கு ஒரு குத்துவிளக்குக்கு முதல் பில் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வேலை முடிந்ததற்கான எங்கள் கம்பெனிப் படிவத்தில் ‘முறையான லைசென்ஸ் உள்ளது’ என்ற வரிக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். சிடியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, நிஜ லைசென்ஸ் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எம்.டி. அந்த ஆர்டரையே ரத்து செய்துவிட்டார். “அதான் ஓடுதே” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘டெவலப்பர் எடிஷனை நீங்கள் பயன்படுத்துவது தொடர்பாக எங்கள் பிரதிநிதி வியாழக்கிழமை நேரில் வருவார்.’ எம்.டி. என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “நான் ஒண்ணும் சொல்லலைப்பா. ஆனா கையெழுத்து உன்னுது.” வேலை போய்விடும் என்பதை அதைவிடப் பாசமாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் என் ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

போட்டுக் கொடுத்தது யார்? எல்லோருடைய கண்ணும் பாய் மீது போனது. போதாக்குறைக்கு அன்று மத்தியானமே பாத்திரக்கடைக்காரர் போன் செய்தார். “உங்க ஆளு ஒருத்தரு, முழுக்கைச் சட்டை, ஞாயித்துக்கெழம வந்து மூணு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருந்தாரு. டீ வேணாம்னாரு. கலர் சோடா வேணாம்னாரு. ஆசையா ஒரு கரண்டி குடுத்தா, இது எதுக்குன்றாரு. நல்ல மனுசன்தானா சார் அவரு?”

ஆதாரம் திரட்டப் போயிருக்கிறார் என்று எம்.டி. முடிவே கட்டிவிட்டார். பாய் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அவர் பிரிண்ட் எடுக்கப் போனால் பிரிண்டரில் தாள் இருக்காது. எல்லோரையும் சந்தேகப்பட்டவரை இப்போது ஆபீஸே சந்தேகப்பட்டது. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தபோது அவருடைய டிராயரைத் திறந்து பார்த்தேன். மேலாகவே ஒரு தாள் இருந்தது. அதில் என் பெயர், பக்கத்தில் ‘கீழ்க்கட்டளை - ஞாயிறு’, கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. கூட இருந்தே குழி பறித்துவிட்டாரே மனுஷன் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் நான் வண்டியில் ஏறச் சொல்லவில்லை. புதன்கிழமை பாய் என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பிரதிநிதி வந்தார். டை கட்டிய ஒல்லியான இளைஞர், நெற்றியெல்லாம் வேர்வை. எம்.டி. சாத்துக்குடி ஜூஸ் வரவழைத்தார். வந்தவர் பையிலிருந்து பன்னிரண்டு பக்கக் கடிதத்தை எடுத்தார். “இதை எழுதினது யார் சார்?”

“நான்தான்” என்று பாய் எழுந்தார்.

“சார், எங்க ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து படிச்சோம். எங்க கண்டிஷன்ஸை முழுசா படிச்ச ஒரே ஆள் நீங்கதான். உங்க பதினேழாவது கேள்விக்கு எங்க வக்கீலுக்கே பதில் தெரியலை. உங்களைப் பாக்கணும்னுதான் வந்தேன். நீங்க எழுதுற ப்ரோக்ராம் உங்களுக்குத்தான் சொந்தம்.”

“அதை எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு டி-ஷர்ட்டும் நீட்டினார். “எதுக்கு?” என்றார் பாய். அது பைக்குள் திரும்பிப் போனது.

எனக்கு மூச்சு வந்த நேரத்தில், வாசல் வரை போனவர் திரும்பினார். “சும்மா கேக்குறேன். கஸ்டமர் யாராவது டெவலப்பர் எடிஷன்லயே ஓட்டுறாங்களா?”

‘சும்மா’ என்று யாராவது சொன்னால் பாய் ஏன் மிரள்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எம்.டி. மின்விசிறியின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று நானே எழுந்தேன். “சார், கீழ்க்கட்டளையில...”

“கீழ்க்கட்டளையில சின்ன எடிஷன் ஓடுது” என்று பாய் என்னை முந்திக்கொண்டு ஒரு ஃபைலை நீட்டினார். “அதுவும் நீங்க ஃப்ரீயா குடுக்குறதுதான். டேட்டா ஒரு அளவுக்கு மேல போவாத வரைக்கும் கடையில ஓட்டலாம்னு நாலாவது பாராவுல நீங்களே எழுதிக்கிறீங்க. மூணு தபா படிச்சுட்டுத்தான் ஞாயித்துக்கெழம போய் மாத்துனேன். அந்தக் கடையில நூறு வருசம் குண்டான் வித்தாலும் அந்த அளவு தாண்டாது.” பிரதிநிதி தலையை ஆட்டி, ஜூஸைக் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வண்டி பக்கத்தில் பாயைப் பிடித்தேன். “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சிடியை உறையில தலைகீழா சொருவி வெச்சிருந்தே. எந்தக் கடைக்குப் போனேன்னு படிவத்துல பாத்துக்கினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாய்.”

“கேட்டா இல்லன்னுவே. உன்னை எப்படிப்பா நம்புறது?”

“நம்பலைன்னா, லீவு நாள்ல அவ்வளவு தூரம் போய் எதுக்கு மாத்தினீங்க?”

பாய் டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “கையெழுத்து உன்னுதாச்சே.”

எம்.டி. சொன்ன அதே வார்த்தை. பாயின் டிராயரைத் திறந்து பார்த்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அதை மறைக்க வழக்கம்போல் கிண்டலில் இறங்கினேன். “எனக்கு ஃப்ரீயா பண்ணியிருக்கீங்க. இதுல என்ன கண்டிஷன் பாய்?”

“ரெண்டு” என்றார், தயாராக வைத்திருந்தவர்போல. “ஒண்ணு, இனிமே படிக்காம எதுலயும் ஓகே அமுக்காதே.”

“சரி. ரெண்டாவது?”

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஸ்டேஷன் வரைக்கும் வண்டில ஏத்திக்கினு போ. மூணு நாளா நீ கேக்கவே இல்லையே.”

எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தாம்பரம் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் ஓட்டினேன்.