என் பெயரில் ஓடிய ஃபேன்

கெட்டுப்போன சாமானைச் சரிசெய்து கொடுத்து, 'இது கெட்டே கிடந்திருக்கலாமே' என்று நம்மை அழ வைக்கக்கூடிய மனிதர் இந்தியாவில் ஒருவர்தான் உண்டு. என் கிரகம், அவர் எனக்கு ஹவுஸ் ஓனராக வாய்த்தார்.

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் அவருக்கு மிஸ்டுகால் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருக்கும். கூரியர்க்காரன்கூட "மிஸ்டுகால் வீடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பான். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். கம்பெனி தப்பித்தது, நாங்கள் மாட்டிக்கொண்டோம். நாங்கள் என்றால் மாடியில் குடியிருந்த நானும் என் மனைவியும். கீழ் வீட்டில் அவரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள்.

அந்த அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடந்ததெல்லாம் அவருக்காகத்தான். நாங்கள் குடிவந்த புதிதில் அக்காவுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். மார்க்கெட்டில் சூளகிரிக் கொத்தமல்லிக் கட்டுக்குத் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் குறைத்து, கன்னடத்தில் திட்டிவிட்டு, போகிறபோக்கில் கறிவேப்பிலையைச் சும்மா வாங்கி வருவார். பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. நாம் பேசுவதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், வார்த்தை வராது. கண்ணில் தண்ணீர்தான் வரும்.

கை காலைவிட, அந்தப் பேச்சு திரும்பி வருமா வராதா என்பதுதான் மிஸ்டுகாலுக்குப் பெரிய கவலை. "என்னைத் திட்டவாச்சும் செய்யணும் சார். அவ சத்தமில்லாத வீடு வீடாவே இல்ல" என்பார். சொல்லும்போது கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருக்கும் மகன் ஒரு பெரிய பெட்டி அனுப்பி வைத்தான். உள்ளே இன்டர்நெட்டில் ஓடும் ஃபேன், இன்டர்நெட்டில் எரியும் பல்பு, இவற்றுக்கெல்லாம் உத்தரவு வாங்கிக் கொடுக்க ஒரு உருண்டை ஸ்பீக்கர். "இனிமே அம்மா படுத்துக்கிட்டே எல்லாத்தையும் போடலாம்பா. வாயால சொன்னா போதும்" என்று வீடியோ காலில் பெருமையாகச் சொன்னான். மிஸ்டுகால் அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வாயால சொன்னாத்தான் கேக்குமாம் சார். பேச்சு போனவளுக்கு அனுப்பியிருக்கான் பாருங்க, இன்ஜினீயரு."

ஸ்பீக்கர் வேண்டாம், ஆப்பில் போடலாம் என்றான் மகன். அக்காவின் இடது கைப் பெருவிரலுக்குத் தொடுதிரை வசப்படவில்லை. ஃபேனைத் தொட்டால் பல்பு எரியும், பல்பைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். வைஃபை போய்விட்டால் பல்பு திருவிழா சீரியல் செட் மாதிரி விட்டு விட்டு எரியும். ஒரு சித்திரை மாத மத்தியானம் ஃபேன் சுத்தமாக நின்றுவிட்டது. என்னவென்று பார்த்தால் அப்டேட் ஆகிக்கொண்டிருந்ததாம். முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று ஆப் கேட்டுக்கொண்டது. ஓடாத ஃபேனை எப்படி அணைப்பது என்று மிஸ்டுகால் என்னிடம் கேட்டார். 

அன்றைக்கு அவர் ஸ்டூல் மேல் ஏறியவர்தான். ஃபேனின் இன்டர்நெட் போர்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். பழைய பட்டன் ஃபோன் ஒன்றைப் பிரித்து, அது அதிரும்போது கரண்ட் போகிற மாதிரி ஒரு ரிலேயைக் கோத்து, ஃபேன் கப்புக்குள் சொருகினார். அக்காவின் கையில் இன்னொரு பட்டன் ஃபோன். இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபேனுக்கு மிஸ்டு கால் போகும், ஃபேன் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். மூன்று என்றால் லைட். நான்கு என்றால் டிவி. இனிமேல் இது எதற்கு என்று சுவரிலிருந்த சுவிட்ச் போர்டையும் கழற்றிவிட்டார். அக்கா முதல்முறையாக அழுத்தி ஃபேன் சுற்றியபோது, அரை முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மனிதர் நிதானத்தில் இல்லை.

தண்ணீர் மோட்டாருக்கு ஒரு நம்பர் வந்தது. கேட்டுக்கு ஒரு நம்பர் வந்தது. அவர் பெயரில் இனி சிம் தர முடியாது, இருப்பதிலேயே பாதியை வேறு ஆள் பெயருக்கு மாற்றுங்கள் என்று கடைக்காரன் கையை விரித்தபோது, ஆதார் கார்டோடு வரச்சொல்லி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஹவுஸ் ஓனர் கூப்பிட்டால் குடித்தனக்காரன் என்ன செய்வான்? அன்றோடு அக்காவின் ஃபேனும் தண்ணீர் மோட்டாரும் சட்டப்படி என் பெயருக்கு வந்துவிட்டன.

"ஓசூர்ல நமக்குன்னு ஒரு சொத்து இல்லையேன்னு கவலைப்பட்டுட்டு இருந்தேன்" என்றாள் என் மனைவி. "ஒரு ஃபேன் சேந்துருச்சு."

அதற்குப் பிறகு நாங்கள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. இந்த நாட்டில் சிம் கார்டு என்று ஒன்று இருந்தால் அதைத் தேடி லோன்காரர்கள் வருவார்கள். மார்கழிக் குளிரில், காலையில், பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்க யாரோ ஒரு பெண் ஃபேனைக் கூப்பிட்டாள். ஃபேன் ஐந்தில் சுற்றியது. அக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே இரண்டை அழுத்தி அணைத்தார். விடாமுயற்சியுள்ள பெண், திரும்பவும் கூப்பிட்டாள். நான் மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தபோது, அக்காவுக்கும் லோன் கம்பெனிக்கும் போட்டியில் ஃபேன் நின்று நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

மோட்டார் நம்பருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் நம்பருக்கும் ஓர் எண்தான் வித்தியாசம். வைகாசி மாதம் பாதி நாள் எங்கள் டேங்க் நிரம்பி வழிந்தது. ஒரு தரம் கூப்பிட்டு, சரி, எடுக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்களால் வெள்ளம். எடுக்கும்வரை விடமாட்டேன் என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவர்களால் மோட்டார் அணைந்து டேங்க் காலியாகி, நான் தலைக்கு சோப்பு போட்டிருக்கும்போது தண்ணீர் நின்றது. "முகூர்த்த நாளா பாத்துக் குளிக்காதீங்க சார்" என்று மிஸ்டுகால் எனக்கு யோசனை சொன்னார். வீட்டைக் காலி செய்துவிடுவது என்று நானும் என் மனைவியும் மாதம் ஒருமுறை முடிவெடுப்போம். சொல்லலாம் என்று கீழே இறங்குவேன். உள்ளே அக்கா பட்டனை அழுத்தி டிவி போட்டுக்கொள்வது தெரியும். வாடகையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அக்காவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க அத்திப்பள்ளியிலிருந்து ஒரு பெண் வாரா வாரம் வருவாள். சின்ன வயசு, கன்னடம் கலந்த தமிழ். பல வாரமாக ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒருநாள், அக்கா எதற்கெல்லாம் பட்டன் அழுத்துகிறார் என்று உட்கார்ந்து கவனித்தாள். பிறகு மிஸ்டுகாலை வெளியே கூப்பிட்டாள். நானும் அப்போது வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், எல்லாமே பட்டன்ல வந்துட்டா ஆன்ட்டி யாக்கெ, எதுக்குப் பேசணும்? பேசியே ஆகணும்னு ஒண்ணு இருக்கணும் அல்வா, இல்லியா?"

"அதுக்கோசரம்? வேர்த்து வழிஞ்சு கெடக்கட்டும்ங்கறியாம்மா?"

"ஸ்வல்ப நேரம் கெடக்கணும் அங்கிள். நீங்க பாத்துட்டு சும்மா இருக்கணும். அது உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவளிடம் கோபமாக ஏதோ முணுமுணுத்து அனுப்பிவிட்டார். ஆனால் அதோடு ஆள் சுருங்கிப்போனார். எங்கள் மிக்ஸி கெட்டுப்போனதைக் கேள்விப்பட்டும் மாடிக்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நானே கீழே போனேன். "சார், அவளுக்கு வசதி பண்றேன்னு நான்தான் அவ வாயக் கட்டிப்போட்டுட்டனா?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் ஃபேன் இணைப்பை எடுத்துவிடுகிறேன் என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். அக்கா நிமிர்ந்து பார்ப்பார். இவர் ஒட்டடை அடித்துவிட்டு இறங்கிவிடுவார்.

அவரால் முடியாததை சிம் கம்பெனி செய்தது. எங்கள் பெயரில் ஆளுக்குப் பல நம்பர் இருப்பதால் உடனே வந்து சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார்கள். முறைப்படிதான் அனுப்பியிருக்கிறார்கள், ஃபேனுக்கு. ஃபேன் அதைப் படிக்கவில்லை. மோட்டாரும் படிக்கவில்லை. ஏப்ரல் மாதக் காலை ஒன்றில் வீட்டிலிருந்த அத்தனை சாமானும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. அக்கா பெயரிலேயே வாங்கிய அவர் கை ஃபோன் மட்டும் பிழைத்தது.

"சார், ஆதார எடுத்துக்கிட்டு ஓடியாங்க" என்று கீழிருந்து குரல். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார்.

"இன்னிக்கு வேணாம் சார்" என்றார்.

மாடிப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அக்காவின் அறை ஜன்னல் கைக்கெட்டும் தூரம். உள்ளே பட்டன் அழுத்தும் சத்தம் கேட்டது. ஓசூரில் பாதி நேரம் கர்நாடகா டவர்தான் எடுக்கும். "நீவு கரெ மாடுத்திருவ சங்க்யெ…" என்று ஒரு பெண் கன்னடத்தில் ஆரம்பித்து, அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றாள். அக்கா மறுபடி அழுத்தினார். அவள் மறுபடி சொன்னாள்.

"முன்ன மாதிரி இருந்தா இந்நேரம் அந்தப் பொம்பளைய கன்னடத்துலயே வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பா" என்றார் மிஸ்டுகால். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பட்டன் சத்தம் நின்றது. ஃபோன் சுவரில் மோதி விழுந்தது. பிறகு அழுகை. என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏன் ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க, மனுஷங்களா நீங்க?" என்று உள்ளே போகப் பார்த்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு அவளை நிறுத்தினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரெண்டு ஒயர முறுக்கிவிட்டாப் போதும் சார், ஓடிரும்" என்று என்னிடம் சொன்னார். "அவளுக்கு வேர்க்குது சார். வேர்த்தா அவளுக்குத் தாங்காது." எழுந்தார். உட்கார்ந்தார். பேச்சு வராமலே போய்விட்டால் இந்தக் காலையை இவர் எப்படி மறப்பார் என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது. பேச்சு என்று சொல்ல முடியாது. தொண்டையிலிருந்து எதையோ இழுத்துப்போடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏ… ஏங்…"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஆடவில்லை, அசையவில்லை.

"ஏங்… க."

"அண்ணா, உங்களத்தான் கூப்பிடறாங்க" என்றேன். "போங்கண்ணா."

"கேட்டுச்சு சார்."

கன்னமெல்லாம் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. ஜன்னல் பக்கமே காதை வைத்துக்கொண்டு, என் முழங்காலை இறுகப் பிடித்தார்.

"இன்னொரு தரம் கூப்புடட்டும்" என்றார்.

அந்த நிமிஷம் அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஹவுஸ் ஓனரை எப்படிக் கட்டிக்கொள்வது? அதே படியில், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.